திருவாசகத்துக்காகக் காத்திருந்த கேசட் கடை

போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்துல டீம்ல ஒரு பையன் ஒரு பழைய கதையைச் சொன்னான். அமெரிக்காவுல 'தி பிளாக் கீஸ்'னு ஒரு ப்ளூஸ் ராக் குழு. ரெண்டே ரெண்டு பேர்தான். டேன் ஆர்பாக் கிதார் வாசிச்சுப் பாடுவார், பேட்ரிக் கார்னி டிரம்ஸ். ஒஹாயோ மாநிலத்து ஏக்ரன் ஊர்க்காரங்க. வீட்டு நிலவறையில கரகரன்னு ரெக்கார்ட் பண்ணியே பேர் வாங்கினவங்க. அவங்க 2008ல 'அட்டாக் அண்ட் ரிலீஸ்'னு ஒரு ஆல்பம் கொண்டுவரப் போறாங்க, தயாரிக்கப் போறது 'டேஞ்சர் மவுஸ்'ங்கற ஹிப் ஹாப் ஆசாமின்னு தெரிஞ்சதும் ரசிகர்களுக்குத் தூக்கம் போயிடுச்சாம். "நம்ம ஆளுங்களோட அந்தக் கரகரப்பை இவன் வழவழன்னு ஆக்கிடுவானே" அப்படிங்கற பயம்.

அவன் சொல்லி முடிக்கறதுக்குள்ள எனக்கு எங்க ஊர் ஞாபகம் வந்துடுச்சு. ஏக்ரன் எங்கே, கீழ்பென்னாத்தூர் எங்கேன்னு சிரிக்காதீங்க. இதே பயம், இதே எதிர்பார்ப்பு, இதே 'அவர் யாருய்யா இதுக்குள்ள'ங்கற கேள்வி, எல்லாத்தையும் 2005ல எங்க வீட்டுத் திண்ணையிலயே பார்த்திருக்கேன். அப்ப நான் மூணாங்கிளாஸ். பாதி புரியாமப் பார்த்தேன். மீதியை இப்பத்தான் படிச்சும், சித்தப்பாவை நோண்டி நோண்டிக் கேட்டும் தெரிஞ்சுகிட்டேன்.

முதல்ல ஊர். திருவண்ணாமலையிலேர்ந்து செஞ்சி போற ரோட்டுல, ஏறக்குறைய இருபது கிலோமீட்டர்ல கீழ்பென்னாத்தூர். மல்லாட்டை விளையற ஊர் (வேர்க்கடலைன்னு சொன்னா எங்க ஆயா ஒத்துக்கமாட்டாங்க). கார்த்திகை தீபத்தன்னிக்கு யாரும் மலைக்குப் போகலைன்னாலும் மொட்டை மாடியிலேர்ந்தே கும்பிட்டுக்குவோம்.

எங்க சித்தப்பா பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு ரெக்கார்டிங் சென்டர் வெச்சிருந்தார். இப்ப இருக்கற பசங்களுக்கு அது என்னன்னே தெரியாது. நீங்க ஒரு காலி கேசட்டும், பாட்டு லிஸ்ட் எழுதின துண்டுச் சீட்டும் கொடுக்கணும். ரெண்டு நாள் கழிச்சு உங்களுக்குன்னு பதிஞ்ச கேசட் கிடைக்கும். அந்தக் கடையில மூணு சுவத்துலயும் இளையராஜா படம். நாலாவது சுவத்துல வாசல், இல்லன்னா அங்கயும் ஒட்டியிருப்பார் :-)

சித்தப்பாவோட காத்திருப்பு 2005ல ஆரம்பிச்சது இல்ல. 1993ல ஆரம்பிச்சது. அந்த வருஷம் ராஜா லண்டன் போய் ராயல் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவுக்காக ஒரு சிம்ஃபனி எழுதினார். 1946ல தாமஸ் பீச்சம் ஆரம்பிச்ச, உலகத்துல பெரிய ஆர்கெஸ்ட்ராக்கள்ல ஒண்ணு அது. பண்ணைப்புரத்துலேர்ந்து ஆர்மோனியத்தோட மெட்ராஸ் வந்து, தன்ராஜ் மாஸ்டர்கிட்ட மேற்கத்திய இசை கத்துகிட்ட ஒருத்தர் அவங்களுக்கு நோட்ஸ் எழுதிக் கொடுக்கறார்னா சும்மாவா? ஜான் ஸ்காட் நடத்தி வாசிச்சாங்க, ரெக்கார்டிங்கும் நடந்தது. ஆனா கேசட் வரலை. இந்த வருஷம் வரும், அடுத்த வருஷம் வரும்னு சொல்லிச் சொல்லியே பன்னெண்டு வருஷம் ஓடிப்போச்சு. கடைக்கு வர்றவங்ககிட்ட "சிம்ஃபனி வந்தா முதல் காப்பி உனக்குத்தான்"னு சித்தப்பா கொடுத்த வாக்கு மட்டும் ஒரு பத்துப் பதினஞ்சு பேருக்கு இருக்கும்.

இந்த நிலைமையிலதான் சேதி வருது. ராஜா திருவாசகத்துக்கு இசையமைக்கிறார். புடாபெஸ்ட் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ரா வாசிக்குது. வெளியிடறது தமிழ் மையம்னு ஒரு அமைப்பு. அதோட பின்னால இருக்கறவர் ஜெகத் கஸ்பர் ராஜ்னு ஒரு கத்தோலிக்கப் பாதிரியார்.

இங்கதான் எங்க வீட்ல ரெண்டு கட்சி உருவாச்சு.

ஒரு கட்சி சித்தப்பா. இன்னொரு கட்சி எங்க தாத்தா. தாத்தா பெரிய படிப்பு எல்லாம் படிக்கலை. ஆனா மார்கழி மாசம் முப்பது நாளும் விடியக்காலையில எழுந்து திருவெம்பாவை இருபது பாட்டையும் பார்க்காமச் சொல்லுவார். எங்க மாவட்டத்துக்காரங்களுக்குத் திருவெம்பாவை சொந்தச் சொத்து மாதிரி. மாணிக்கவாசகர் அதைத் திருவண்ணாமலையில இருந்தப்பத்தான் பாடினார்ங்கறது மரபு. திருவம்மானையும் அங்க பாடினதுதான். கிரிவலம் போறப்ப அடி அண்ணாமலை பக்கத்துல மாணிக்கவாசகருக்குன்னு ஒரு சின்னக் கோயில் இருக்கும், கவனிச்சிருக்கீங்களா? அடுத்த தடவை போனா ரெண்டு நிமிஷம் நில்லுங்க.

தாத்தாவோட கேள்வி நேரானது. "பாதிரியாருக்கு இன்னாத்துக்குடா திருவாசகம்?"

அந்தக் கேள்வியில வெறுப்பு இல்ல, பயம் இருந்தது. நம்ம வீட்டுப் பாத்திரத்தை வேற யாரோ எடுத்துக் கழுவறப்ப வர்ற பதட்டம்னு வெச்சுக்கங்களேன்.

சித்தப்பா பள்ளிக்கூடத்துல படிச்சதை எடுத்துவிட்டார். ஜி.யு.போப். கனடாவுல பிறந்த கிறிஸ்தவப் பாதிரியார். 1839ல தமிழ்நாட்டுக்கு வந்தவர். 1886ல திருக்குறளையும், 1893ல நாலடியாரையும், 1900ல திருவாசகத்தையும் இங்கிலீஷ்ல கொண்டுவந்தவர். இதுல நான் பின்னால தெரிஞ்சுகிட்ட ஒரு விஷயம்: திருவாசக மொழிபெயர்ப்புக்கு அவர் எழுதின முன்னுரையில போட்ட தேதி 1900 ஏப்ரல் 24. அது அவரோட எண்பதாவது பிறந்தநாள். எண்பது வயசுல ஆக்ஸ்ஃபோர்டுல உட்கார்ந்து ஒரு மனுஷன் மாணிக்கவாசகரை முடிச்சுக் கொடுக்கறார்! ஆக, கஸ்பர் இந்தப் பாதையில முதல் ஆள் இல்ல. அவருக்கு நூறு வருஷத்துக்கு முன்னாலயே ஒருத்தர் நடந்து போயிருக்கார்.

தாத்தா அசரலை. "அவரு படிச்சாரு, எழுதுனாரு. இவரு காசு வசூல் பண்றாரே"ன்னார்.

அப்ப சித்தப்பா சொன்ன பதில் எங்க தெருவுல ரொம்ப நாள் பேசப்பட்டது. "மாணிக்கவாசகரு மட்டும் யார் காசுல கோயில் கட்டுனாரு? பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த காசுலதானப்பா!"

கதை உங்களுக்குத் தெரியும். திருவாதவூரார் பாண்டியனோட அமைச்சர். குதிரை வாங்கக் கொடுத்தனுப்பின பணத்தைத் திருப்பெருந்துறையில (இப்ப ஆவுடையார்கோயில்) கோயில் பணிக்குச் செலவழிச்சுட்டார். அப்புறம் நரி பரியாகி, பரி நரியாகி, வைகையில வெள்ளம் வந்து, சாமியே பிட்டுக்கு மண் சுமந்து அடி வாங்கினது எல்லாம் அதோட தொடர்ச்சி. அப்படிப் பார்த்தா திருவாசகத்தோட முதல் தயாரிப்பாளர் தனக்கே தெரியாமக் காசு போட்ட பாண்டிய ராஜா. முதல் ரெக்கார்டிங் இன்ஜினியர் சாட்சாத் சிவபெருமான். சிதம்பரத்துல அந்தணர் வேஷத்துல வந்து, இவர் சொல்லச் சொல்ல ஓலையில எழுதிக் கையெழுத்தும் போட்டுட்டுப் போனாராம். எதிர்பாராத ஆள் உள்ளே வர்றது இந்த நூலோட பிறப்புலயே இருக்கு.

தாத்தா சிரிச்சுட்டார். ஆனா ஒத்துக்கலை.

இப்ப யோசிச்சா ஒரு விஷயம் புரியுது. அந்த பிளாக் கீஸ் கதையில 'ப்ரொட்யூசர்'னா சத்தம் எப்படி இருக்கணும்னு முடிவு பண்ற ஆள். டிரம்ஸை எங்க வைக்கணும், எந்தப் பாட்டுல ஆர்கன் வரணும்னு சொல்றவர். அதனால அங்க ரசிகர்கள் பயந்ததுக்கு ஒரு அர்த்தம் இருக்கு. நம்ம ஊர்ல தயாரிப்பாளர்னா காசைத் திரட்டி, ஆளைச் சேர்த்து, வேலையை நடத்திக் கொடுக்கறவர். பிலிப்பைன்ஸ் மணிலாவுல வெரித்தாஸ் வானொலியோட தமிழ்ப் பிரிவுல வேலை பார்த்தவர் கஸ்பர். உலகம் பூரா தமிழர்களைத் தெரியும். பின்னால 2007ல சென்னை சங்கமம் நடத்தினதுலயும் அவருக்குப் பங்கு உண்டு. அவர் செஞ்சது கதவைத் திறந்து விட்டது. உள்ளே என்ன சத்தம் கேட்கணும்னு முடிவு பண்ணினது ராஜா மட்டும்தான். தாத்தா பயந்தது தப்பான ஆளைப் பார்த்து!

மாற்றம் எங்க இருந்து வரும்னு பார்த்தா, அது மற்ற பேர்கள்ல இருந்தது. புடாபெஸ்ட் ராஜாவுக்குப் புதுசு இல்ல, 'ஹே ராம்' (2000) பின்னணி இசைக்கு ஏற்கெனவே போன இடம்தான். ஆனா இங்கிலீஷ் வரிகள் எழுத வந்தவர் ஸ்டீஃபன் ஷ்வார்ட்ஸ். பிராட்வேயில 'விக்கட்' (2003) எழுதின ஆள். அதுக்கும் முன்னால 1971ல மத்தேயு நற்செய்தியை வெச்சு 'காட்ஸ்பெல்' பண்ணினவர். நியூயார்க்ல ஒலிக்கலவை செஞ்சவர் ரிச்சர்ட் கிங். கோயில்ல ஓதுவார்கள் காலங்காலமா மோகனத்துல பாடிட்டு வந்த திருவாசகத்துக்கு இத்தனை தேசத்து ஆளுங்க!

2005 கோடைக்காலம் எப்படி இருந்ததுன்னு ஞாபகம் இருக்கா? ஏப்ரல்ல 'சந்திரமுகி' வந்து ஊரே பாடிட்டிருக்கு. ஜூன் 17 'அந்நியன்'. சித்தப்பா கடைக்கு வர்ற பசங்க எல்லாம் அதைத்தான் கேக்கறாங்க. அதுவும் கேசட்ல இல்ல, எம்பி3 சிடியில. கடையே ஆட்டம் கண்டுட்டிருந்த நேரம். அந்த நேரத்துல ஒரு மனுஷன் "திருவாசகம் வரட்டும், அப்புறம் பாரு"ன்னு சொல்லிட்டுத் திரிஞ்சார். அது வெறும் ரசிகர் ஆசை மட்டும் இல்ல. கடையைக் காப்பாத்த ஒண்ணு வரும்ங்கற நம்பிக்கையும் அதுல இருந்ததுன்னு இப்பத்தான் எனக்குப் புரியுது.

2005 ஜூன் 30, வியாழக்கிழமை. சென்னை மியூசிக் அகாடமியில வெளியீடு. வைகோ அன்னிக்குப் பேசின பேச்சைப் பத்தி இன்னிக்கும் சிலாகிக்கறவங்க இருக்காங்க. சித்தப்பாவுக்கு விழாவுக்குள்ள போக வழியில்ல. ஆனா அந்த வாரமே செஞ்சி வழியா போற பஸ்ஸைப் பிடிச்சு சென்னை போய் ஒரு சிடி வாங்கிட்டு வந்தார்.

சாயந்தரம் கடையில போட்டாங்க. தாத்தாவும் "சும்மா வந்தேன்"னு வந்து உட்கார்ந்தார்.

மொத்தம் ஆறு பகுதி. 51 பகுதி இருக்கற நூல்லேர்ந்து ஆறு எடுத்திருக்கார். முதல்ல யாத்திரைப் பத்து. அப்புறம் சிவபுராணத்துலேர்ந்து எடுத்த 'பொல்லா வினையேன்', ஏறக்குறைய 20 நிமிஷம் ஓடும். திருக்கோத்தும்பி, பிடித்த பத்து, திருப்பொற்சுண்ணம், கடைசியா அச்சப்பத்து.

முதல் பாட்டு ஆரம்பிச்சு ரெண்டு நிமிஷத்துல தாத்தா சொன்னார், "யாத்திரைப் பத்தா? கிளம்பற பாட்டை முதல்ல வெச்சிருக்கான்." அவ்வளவுதான். அப்புறம் பேசலை. 'பொல்லா வினையேன்' நடுவுல இங்கிலீஷ் கோரஸ் வந்தப்ப மட்டும் முகத்தைச் சுளிச்சு, "அத்தக் கொஞ்சம் கொறைடா"ன்னார். சித்தப்பா எழுந்து சத்தத்தைக் குறைச்சார். தமிழ் வந்ததும் ஏத்தினார். அச்சப்பத்து முடிஞ்சு, சிடி நின்னு, ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாங்க. எனக்குப் பசி. அதனால நல்லா ஞாபகம் இருக்கு.

அப்புறம் தாத்தா கேட்டது ஒரே கேள்வி. "எல்லாம் சரி. திருவெம்பாவை எங்கடா?"

இல்ல. ஆறுல ஒண்ணுகூட எங்க மலையில பாடினது இல்ல. ரமணர் மேல அவ்வளவு பக்தி வெச்சு, 'ரமண மாலை' பண்ணி, திருவண்ணாமலைக்கு அடிக்கடி வந்துபோற ராஜா, திருவெம்பாவையைத் தொடலை. இந்தக் குறை எங்க மாவட்டத்துக்காரங்களுக்கு இன்னும் இருக்கு. தாய்லாந்துல அரண்மனைச் சடங்குக்குக் கூட 'திரியம்பாவை'ன்னு நம்ம பாட்டுப் பேரு போயிருக்கு, பாங்காக்ல 1935 வரைக்கும் அதுக்குப் பெரிய ஊஞ்சல் ஆடியிருக்காங்க. புடாபெஸ்டுக்குப் போகக் கொடுத்து வைக்கலை.

ஆனா அன்னிக்கு நிஜமா ஏமாந்தது தாத்தா இல்ல. சித்தப்பா.

ராத்திரி கடையைப் பூட்டும்போது அப்பாகிட்ட சொன்னாராம், "நல்லாத்தான் இருக்குண்ணே. ஆனா இது சிம்ஃபனி இல்ல."

அவர் சொன்னது சரி. சிம்ஃபனிங்கறது பொதுவா வாத்தியங்களுக்குன்னே எழுதற, நாலு பகுதி இருக்கற பெரிய வடிவம். 1824ல பீத்தோவன் ஒன்பதாவதுல குரல்களைக் கொண்டுவந்தது விதிவிலக்கு. ராஜா திருவாசகத்துல பண்ணினது ஒரட்டோரியோ. ஒரு புனித நூலை எடுத்து, தனிக்குரல், கோரஸ், ஆர்கெஸ்ட்ரா மூணையும் வெச்சு, நடிப்பு இல்லாமப் பாடற வடிவம். ஹேண்டல் 1742ல டப்ளின்ல அரங்கேத்தின 'மெசையா' அந்த வகை. பேர்ல சிம்ஃபனின்னு போட்டிருந்தாலும் உள்ளே இருந்தது வேற. பன்னெண்டு வருஷம் 1993ஐ மனசுல வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தவருக்கு, இது கடன் கொடுத்தவன் வேற ஏதோ பொருளைக் கொடுத்துட்டுப் போன மாதிரி இருந்திருக்கு. நல்ல பொருள்தான். கேட்டது அது இல்லயே?

ஆக நடந்தது இதுதான்: ஆவலாக் காத்திருந்தவர் ஏமாந்தார். பயந்துகிட்டிருந்தவர் கேசட்டா அடிச்சு வாங்கிக்கிட்டார். ஆமாங்க, தாத்தா மறுநாளே "அத்த ஒரு கேசட்டுல போட்டுக் குடு"ன்னுட்டார். ஒரு நிபந்தனை, இங்கிலீஷ் இருக்கக் கூடாது. சித்தப்பா வெட்டிப் பார்த்தார், முடியலை. தமிழும் இங்கிலீஷும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போயிருந்தது. அதனால அப்படியே பதிஞ்சு கொடுத்தார். தாத்தா அந்த இடம் வந்தா எழுந்து போய் சத்தத்தைக் குறைப்பார். தினம் குறைப்பார். தினம் கேட்பார்.

2011ல தாத்தா தவறினார். ராத்திரி நேரம், பாட ஓதுவார் யாரும் கிடைக்கலை. சித்தப்பாதான் அந்த டேப் ரெக்கார்டரைக் கொண்டுவந்து கூடத்துல வெச்சார். 'பொல்லா வினையேன்' ஓடிட்டிருந்தது. கோரஸ் வந்ததும் சித்தப்பா தன்னையறியாம எழுந்து போய் சத்தத்தைக் குறைச்சார். தமிழ் வந்ததும் ஏத்தினார். அப்புறம் அங்கயே தரையில உட்கார்ந்துட்டார்.

இதை எழுதும்போது இன்னொண்ணும் தோணுது. என்கூட வேலை பார்த்த யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருத்தர், இப்ப டொராண்டோவுல இருக்கார். அவருக்கு இந்த ஆல்பத்துல திருப்பொற்சுண்ணம் கேக்கவே முடியாதாம். அவங்க ஊர்ல சைவ வீடுகள்ல சாவு நடந்தா, உரல்ல சுண்ணம் இடிச்சுக்கிட்டே அந்தப் பதிகத்தைப் பாடுவாங்க. "ராஜா கலியாண வீடு மாதிரிப் போட்டிருக்கிறார் தம்பி, எனக்குச் செத்த வீடுதான் கேக்குது"ன்னார். நூலைப் பார்த்தா அது பெண்கள் கூடிப் பொற்சுண்ணம் இடிக்கிற மங்கலப் பாட்டுதான். ராஜா பண்ணினது தப்பே இல்ல. ஆனா ஒரு பாட்டை எங்க முதல்ல கேட்டோமோ, அந்த இடம் அதுக்குள்ள ஒட்டிக்கிட்டு வரும். எத்தனை வயலின் போட்டாலும் போகாது. எனக்கும் அந்த இங்கிலீஷ் கோரஸ் வந்தா, இன்னிக்கும் ஹெட்ஃபோன்ல கை தானா வால்யூம் பட்டனுக்குப் போகும்.

கடை? அது 2007லயே ஜெராக்ஸ், மொபைல் ரீசார்ஜ் கடை ஆயிடுச்சு. திருவாசகம் அதைக் காப்பாத்தலை. ஒரு ஆல்பத்தால காப்பாத்தக்கூடிய விஷயமும் இல்ல அது.

ஆனா கதை முடியலை. 2025 மார்ச் 8, லண்டன் ஈவென்டிம் அப்பல்லோ அரங்கம். அதே ராயல் பில்ஹார்மோனிக். மிக்கேல் டாம்ஸ் நடத்த, ராஜாவோட முதல் சிம்ஃபனி 'வேலியன்ட்' அரங்கேறிச்சு. 1993ல எழுதினது இல்ல, புதுசா எழுதினது. ராஜாவுக்கு வயசு எண்பதைத் தாண்டியாச்சு. போப் திருவாசகத்தை முடிச்ச வயசையும் தாண்டி!

அன்னிக்கு ராத்திரி நான் சித்தப்பாவுக்குப் போன் பண்ணினேன். முப்பத்திரண்டு வருஷக் காத்திருப்பு, அழுவார்னு நினைச்சேன். மனுஷன் ரொம்ப சாதாரணமாக் கேட்டார்:

"அந்த 93து இன்னும் வரலல்ல?"

"வரல சித்தப்பா."

"செரி, வரட்டும்"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டார்.

பி.கு: திருவெம்பாவைக்கு ராஜா இசையமைக்கணும்னு எங்க தாத்தா சார்புல இங்க ஒரு மனு போட்டு வைக்கிறேன். தயாரிப்பாளர் யாரா இருந்தாலும் எங்க வீட்ல ஆட்சேபணை இல்ல :-)